புஷ் எப்ப வரும்?

எங்கள் தொழிலில் ஸ்டாக் அதிகமிருந்தால் பணத்தை முடக்குகிறாய் என்று திட்டுவார்கள், குறைவாக இருந்தால் லைனை நிறுத்தப் பார்க்கிறாய் என்று திட்டுவார்கள். சரியாக இருந்த நாளில் ஒருவரும் மாடியேறி வந்து என் முகத்தைப் பார்த்ததில்லை. பர்ச்சேஸ், பிளானிங், ஸ்டோர்ஸ் என்று எங்காவது குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. காரில் ஏறியதும் அடியில் இருக்கும் கம்பியை இழுத்து சீட்டை முன்னே பின்னே தள்ளுகிறீர்களே, அந்த சீட் ஓடும் ரெயிலை அம்பத்தூரில் நாங்கள்தான் செய்கிறோம். அதற்குள் விரல் கனத்தில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டு இருக்கும். பெயர் புஷ். அது இல்லாவிட்டால் ரெயில் இல்லை, ரெயில் இல்லாவிட்டால் சீட் இல்லை, சீட் இல்லாத காரை யாரும் நின்றுகொண்டு ஓட்ட முடியாது.

மாடல் பிறந்த கதை

புஷ் தட்டுப்பாட்டால் ஒருமுறை கார் கம்பெனியின் லைனே, அதாவது கார் பூட்டும் வரிசையே, நின்றுவிட்டது. அங்கே லைனைப் பார்த்துக்கொள்பவர் கிருபாகரன். குரலை உயர்த்தாத மனிதர், அதனால்தான் அவர் சொன்னது எனக்குப் பயமாக இருந்தது. இன்னொரு தடவை எங்களால் லைன் நின்றால் ரெயில் ஆர்டர் வெளியூர் கம்பெனிக்குப் போய்விடும் என்றார். ஆர்டர் போனால் எங்கள் இரண்டாவது ஷிஃப்டை மூடிவிடுவார்கள். அந்த ஷிஃப்டில் பெரும்பாலும் ஆவடி, பட்டாபிராம் பக்கத்துப் பெண்கள். நானும் ஆவடிக்காரி, வீடு திரும்பும்போது அவர்களில் பலரை ஸ்டேஷனில் பார்ப்பேன். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது?

ஒரே சப்ளையரை நம்பியதுதான் தப்பு என்று முடிவு செய்தேன். நெமிலிச்சேரியில் பட்டறை வைத்திருக்கும் ஏழுமலையோடு, நசரத்பேட்டை பாஸ்கரையும் சேர்த்துக்கொண்டேன். ஒருவரிடம் தடங்கல் வந்தால் ஆர்டர் தானாக மற்றவருக்குத் திரும்பும்படி கம்ப்யூட்டரில் ஒரு மாடல் கட்டினேன். அதன் மேல் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. கலர் கலராக அம்புக்குறி போட்டு, எங்கள் பிளான்ட் ஹெட் சுந்தரமூர்த்தி சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி அம்பு வரைக்கும் பொறுமையாகப் பார்த்தார்.

"பிரமாதம்மா. புஷ் எப்ப வரும்?"

வண்டி கிளம்பிடுச்சு

மாடலுக்கு உண்மையான தகவல் வேண்டும். ஏழுமலையிடம் அது மட்டும் கிடைக்காது. எப்போது போன் போட்டாலும் "வண்டி கெளம்பிடுச்சு மேடம்" என்பார். பின்னால் லேத் ஓடும் சத்தம் எனக்கே கேட்கும். கொஞ்ச நாள் சண்டை போட்டேன், பிரயோஜனம் இல்லை. பிறகு சண்டையை விட்டுவிட்டு அவர் பேச்சைக் கவனித்தேன். "கெளம்பிடுச்சு" என்றால் இன்னும் புஷ் கடைந்துகொண்டிருக்கிறார்கள். "ஆவடி தாண்டிட்டான்" என்றால் டிரைவர் டீ குடிக்கிறார். "உங்க கேட்டாண்டதான் கீறான்" என்றால் இப்போதுதான் உண்மையிலேயே கிளம்பியிருக்கிறது.

மனிதர் ரீல் விட்டாலும் ஒழுங்கு தவறாமல் ஒரே அளவில்தான் விட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் இத்தனை நேரம் என்று மாடலில் ஏற்றினேன். லோடு வரும் நேரம் அச்சாகப் பொருந்தியது. பெருமை தாங்காமல் அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

"இன்னா மேடம், நான் உடற ரீலக்கூட கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீங்களா? இனிமேட்டு நான் நெசத்த சொன்னா உங்க கணக்கு தப்பாப் பூடுமே!"

ஆளுக்குக் கொஞ்சம்

கார் கம்பெனி தனக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கேட்கும். சுந்தரமூர்த்தி சார் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டுவார். நான் என் பங்குக்குக் கொஞ்சம். ஏழுமலையும் பாஸ்கரும் இரும்புக் கம்பி வாங்கும்போது இன்னும் கொஞ்சம். ஒரு வாரம் கார் விற்பனை லேசாகத் தும்மியது, எங்கள் சப்ளையர் இருவருக்கும் ஜுரமே வந்துவிட்டது. பாஸ்கர் பட்டறையில் மூட்டை மூட்டையாகப் புஷ், கால் வைக்க இடமில்லை. அடுத்த வாரம் ஆர்டர் ஏறியபோது, பணமெல்லாம் அந்த மூட்டைகளில் முடங்கிப்போய், அவரிடம் கம்பி வாங்க வழியில்லை.

கார் கம்பெனியின் அசல் ஷெட்யூலைச் சப்ளையர் கண்ணில் காட்டக் கூடாது என்பது எங்கள் பர்ச்சேஸ் உலகின் எழுதாத சட்டம், உங்களுக்கும் தெரியும். காட்டினால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்களாம். நான் சாரிடம் மல்லுக்கு நின்று, அசல் ஷெட்யூலை இருவருக்கும் தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தேன். யாரும் தலையில் ஏறவில்லை. மூட்டைகள்தான் குறைந்தன. பாஸ்கர் அதைப் பார்த்துவிட்டு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப இத்தினி நாளா கண்ணக் கட்டி ஓட வுட்டுட்டு, குறுக்கால ஓடறியேன்னு வேற திட்டிக்கினு இருந்தீங்களா?"

அம்பு திரும்பியது

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை ஏழுமலை கூப்பிட்டார். புஷ் துருப்பிடிக்காமல் இருக்க முலாம் பூச வேண்டும், பிளேட்டிங் என்போம். அது தனிக் கடை வேலை. அந்தக் கடையில் மின்சாரப் பெட்டி புகைந்து போய், லோடு அப்படியே தொட்டியில் கிடக்கிறதாம். பண்டிகை முடிந்துதான் சரியாகுமாம். எங்கள் கையிருப்பு மத்தியானம் வரைக்கும்தான். ஆனால் நான் அசரவில்லை. இதற்காகத்தானே மாடல்? ஏழுமலை கட்டம் சிவப்பானது, அம்பு தானாக பாஸ்கர் பக்கம் திரும்பியது. அந்த அழகைப் பார்த்துக்கொண்டே ஒரு டீ குடித்தேன். பிறகு பாஸ்கருக்கு போன் போட்டு, இன்றைக்கு மொத்தமும் நீங்கள்தான் என்றேன்.

"நான் எங்க மேடம் போறது? என் சரக்கும் அதே தொட்டிலதான் முங்கிக்கினு கீது."

தேங்காய் வரிசை

சப்ளையர் இருவரும் தனித்தனிதான். அவர்களுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு தொட்டியா என்று நான் கேட்கவே இல்லை. உடனே கிருபாகரனைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர், மோட்டாரில் நகரும் சீட் உள்ள விலை கூடிய கார்களுக்கு எங்கள் ரெயில் தேவையில்லை, மத்தியானத்துக்கு மேல் அவற்றை முதலில் ஓட்டுகிறேன், பொழுது சாய்வதற்குள் ரெயில் வர வேண்டும் என்றார். திருமழிசையில் எங்கள் வேறொரு பார்ட்டுக்கு பிளேட்டிங் செய்யும் கடை உண்டு, கார் கம்பெனி ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கடை. அங்கே தொட்டியைக் கழுவி வாழைக்கன்று கட்டியாகிவிட்டது. மறுநாள் லீவு என்பதால் எல்லாப் பட்டறையிலும் முந்தின நாளே பூஜை. தேங்காய் உடைத்துவிட்டால் அப்புறம் யாரும் மெஷினைத் தொட மாட்டார்கள். என் மாடலுக்கு லீவு தெரியும், தேங்காய் தெரியாது. "உடைக்கறதுக்குள்ள வந்தா ஓட்றேன்" என்றார் கடைக்காரர்.

ஏழுமலையும் பாஸ்கரும் ஒருவர் பெயரை ஒருவர் வாயால் சொல்ல மாட்டார்கள். ஆனால் முலாம் பூசாத புஷ் இருவரிடமும் பாதிப் பாதிதான் இருந்தது. ஒரே வண்டி என்றேன், வேறு பேச்சில்லை என்றேன். ஏழுமலையின் வண்டி வெளிவட்டச் சாலையில் இறங்கி நசரத்பேட்டையில் பாஸ்கரின் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு திருமழிசை போனது. இரண்டு பேரும் முன் சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து கூடவே போனார்கள். முலாம் பூசி முடிக்கும்வரை அங்கே தேங்காய் காத்திருந்தது. இங்கே சுந்தரமூர்த்தி சார் ஐயரை உட்காரவைத்துக் காபி மேல் காபியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். புஷ் வந்து இறங்கியதும், மாலை போட்ட மெஷின்களுக்கு நடுவே இரண்டாவது ஷிஃப்ட் பெண்கள் பட்டுப் புடவைமேல் ஓவர்கோட் மாட்டிக்கொண்டு ரெயில் பூட்டினார்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை, ஆர்டர் போனால் ஷிஃப்டும் போகும் என்று அவர்களுக்கே தெரியும். ரெயில் ஏற்றிய வண்டி கேட்டைத் தாண்டியதும் எங்கள் தேங்காய் உடைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, கற்பூரப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். இருட்டுகிற நேரத்தில் கிருபாகரன் கூப்பிட்டார்.

"லைன் நிக்கல மேடம். காலையிலயே சொன்னீங்க, மாத்தி ஓட்டிட்டேன். மத்தியானம் சொல்லியிருந்தா எந்தச் சாமியும் ஒண்ணும் பண்ணியிருக்காது. புது மாடல் காருக்கும் ரெயில் நீங்களே குடுங்க, ரெண்டாவது ஷிஃப்ட்ல இருக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க."

இப்போது என் மாடலில் ஒவ்வொரு சப்ளையருக்கும் பின்னால் எந்தத் தொட்டி என்று ஒரு கட்டமும், தேங்காய் உடைக்கும் நேரம் என்று ஒரு கட்டமும் இருக்கின்றன. ஆடிட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரருக்கு முதல் கட்டத்தை ஒரே மூச்சில் விளக்கிவிட்டேன், இரண்டாவதற்குத்தான் என் இங்கிலீஷ் போதவில்லை.