ஆர்லிஸின் துப்பாக்கிக்கு வெர்னா செதுக்கிய கட்டை

வெர்னா டாலஃப்சனுக்கு அறுபத்தொரு வயது. எங்கள் ஊர் மளிகைக் கடையின் பின்பக்கம் இறைச்சி வெட்டுகிறாள். வாரத்தில் ஐந்து நாள் மாட்டுத்தொடை, இலையுதிர் காலத்தில் கூடவே மான்தொடை. மிச்ச நேரமெல்லாம் வால்நட் மரம். மசல்ஷெல் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பழைய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருடைய தோளில் இடிப்பது அவள் செதுக்கிய கட்டைதான்.

ஆனால் அவளுடைய துப்பாக்கி மட்டும் பழசு இல்லை. போன இருபது வருஷத்துக்குள் செய்த ஆக்‌ஷனில் கட்டியது. விசையும், தோட்டாவை அடைக்கும் இரும்புத் துண்டும் குடியிருக்கும் அந்த உள்ளங்கையளவு கூட்டைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம். நூற்று நாற்பது வருஷப் பழசான ஒன்று கிடைத்தால், அதற்குப் புதுக் குழலும் புதுக் கட்டையும் போட்டுத் தனக்கென்று ஒன்று கட்டிக்கொள்ள வேண்டும். வெர்னாவுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கட்டைக்கான மரம்கூட அவளது பட்டறைப் பரணில் தயாராகக் கிடந்தது.

மூன்று வருஷம் கண்ட தேசமெல்லாம் அலைந்துவிட்டு நான் திரும்பி வந்த மார்ச் மாதத்தில்தான் அந்த ஏலம் நடந்தது. பண்ணையை விட்டுப் போகும் ஒரு குடும்பத்தின் சாமான்கள் எல்லாம் முற்றத்தில் வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். துருப்பிடித்த கதவுக் கீல்கள் நிறைந்த ஒரு மரப்பெட்டியைக் கிளறிய வெர்னா, அடியில் அப்படியொரு பழைய ஆக்‌ஷனைப் பார்த்தாள். எங்கள் ஏலங்களில் வேண்டிய பொருளை யாரும் இரண்டு தடவை பார்ப்பதில்லை. பார்த்தால் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆசை வந்துவிடும். அவள் ஒரு கந்தல் துணியை மேலே போட்டு மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி தேவாலயப் பெண்கள் பலகாரம் விற்ற மேசைக்குப் போனாள்.

ஏலக்காரர் பனி வரப்போகிறது என்று வரிசையை மாற்றிவிட்டார். ஒரு கையில் ருபார்ப் பலகாரம், இன்னொரு கையில் காபியோடு வெர்னா திரும்பிப் பார்த்தபோது, பெட்டி ஆர்லிஸ் ஹாவ்கனின் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் அவளுடைய நாற்பது வருஷ சிநேகிதி. இருநூறு மாடு வைத்திருப்பவள். கன்றுக்கொட்டகைக் கதவுக்குக் கீல் வேண்டும் என்று பெட்டியை எடுத்தாளாம்.

இரண்டு நாள் கழித்து ஆர்லிஸ் கடைக்கே வந்து, இறைச்சித் தாளில் சுற்றிய அந்த இரும்பை வெர்னாவின் முன்னால் வைத்தாள்.

"கீலுக்கு அடியில இருந்துச்சுடி. நான் பாக்கவே இல்ல."

"பாக்கவே இல்லையா?"

"கீல எண்ணிட்டிருந்தேன்."

வெர்னா கத்தியைத் துடைத்தாள். துடைத்த கத்தியையே மறுபடியும் துடைத்தாள்.

"குழல் கிளின்ட் போட்டுத் தரேன்னான். கட்டை நீதான் செய்யணும். வேற யார் செஞ்சாலும் என் தோள் ஒத்துக்காது."

கிளின்டும் இவர்கள் இருவரும் எங்கள் ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்துக்காரர்கள். சங்கத்துக்காரர் கேட்டால் மாட்டேன் என்று சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. வெர்னா சரி என்றாள். ஆர்லிஸை நிற்க வைத்து, விசையில் வைத்த விரலிலிருந்து தோள் வரை அளந்தாள். பதினாலு அங்குலம். அதை ஒரு ஒட்டுத்தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள்.

கன்று ஈனும் காலம் வந்துவிட்டது. ஆர்லிஸால் கொட்டகையை விட்டு நகர முடியவில்லை. "நீயே பாத்துக்கடி" என்று போனில் சொல்லிவிட்டாள். குழல் பொருத்திய ஆக்‌ஷன் ஏப்ரல் முழுக்க வெர்னாவின் பட்டறையில் கிடந்தது.

நான் பக்கத்து வீடு. ஓரிடத்தில் உட்கார முடியாத எனக்கு, அவள் மணிக்கணக்காக ஒரே இடத்தில் நின்று செய்யும் வேலையைப் பார்ப்பது விசித்திரமாக இருக்கும். இரும்பில் விளக்குக்கரி தடவுவாள். மரத்தில் குடைந்த பள்ளத்துக்குள் அழுத்தி எடுப்பாள். கருப்பு ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் ஒரு செதில் சீவுவாள். மறுபடியும் கரி, மறுபடியும் உளி. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் தாள் நுழையாது என்ற நிலை வரும்வரை.

"இதெல்லாம் அவளுக்கு எதுக்கு?" என்பாள், யாரிடம் என்றில்லாமல். "வருஷத்துக்கு மூணு போட்டிக்கு வருவா. நாலாவதுக்கு மாடு ஈனுதும்பா. குழலுக்கு எண்ணெய்கூட நான்தான் போட்டு விடணும்."

"அப்ப வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி? வேற எவனோ செய்வான். நான் தொடக்கூட முடியாது."

கட்டை தோளுக்குச் சரியா என்று பார்க்க ஒரு முறை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்க வேண்டும். கண் திறக்கும்போது குறிபார்க்கும் பின்குறியும் முன்குறியும் ஒரே கோட்டில் நின்றால் சரி. இல்லையென்றால் சீவ வேண்டும். ஆர்லிஸ் இல்லாததால் வெர்னாவே தூக்கிப் பார்த்தாள். தூக்கினாள், சீவினாள், தூக்கினாள். ஆறு வாரம். அலமாரியில் ஒட்டிய தாளை அவள் பார்த்ததை நான் பார்க்கவில்லை. ஆர்லிஸ் ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. வெர்னாவோ உயரம் எட்டாமல் இறைச்சி மேசைக்குப் பின்னால் பலகை போட்டு ஏறி நிற்பவள்.

மே மாதக் கடைசியில் சங்க மைதானத்தில் முதல் போட்டி. ஐநூறு கெஜத்தில் இலக்காக இரும்பில் வெட்டிய செம்மறிகள் நின்றன. ஆர்லிஸ் துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மரத்தின் ரேகை புகை மாதிரி ஓடியது. கிளின்ட்கூட விசிலடித்தார். குழல் போட்டவரும் அவர்தான், மைதானத்தில் சுட உத்தரவு கொடுப்பவரும் அவர்தான்.

ஆர்லிஸ் குப்புறப் படுத்துக் கட்டையைத் தோளில் வைத்தாள். கழுத்தைச் சுருக்கினாள்.

"கொஞ்சம் குட்டையா இருக்கோ?" என்றாள். பிறகு அவளே, "வெர்னா செஞ்சது. பழகிடும்" என்றாள்.

வெர்னா பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைத்தது. கட்டையின் கழுத்தில் நிற்கும் பின்குறி ஆர்லிஸின் புருவத்தில் போய் இடித்தது. அவள் எழுந்து உட்கார்ந்தபோது கண்ணெல்லாம் ரத்தம்.

கிளின்ட் போட்டியை நிறுத்தினார். துப்பாக்கியை எடுத்து விசையிலிருந்து கட்டை நுனி வரை நாடாவால் அளந்தார். "பன்னெண்டே முக்கால்" என்றார். பிறகு வெர்னாவை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, இது யாரு அளவு?"

பக்கத்தில் இருந்த பத்துப் பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. வெர்னாவின் முகம் அவள் வெட்டும் இறைச்சி நிறத்துக்குப் போனது.

புருவத்தில் நான்கு தையல். அன்று மாலை மருத்துவமனை வாசலில் வண்டியில் உட்கார்ந்து பேசினார்கள். ஓட்டி வந்தவள் நான்தான்.

"வேணும்னு செஞ்சியா?" ஆர்லிஸ் கேட்டாள்.

"இல்ல."

"வேணும்னு செஞ்சிருந்தாக்கூடப் பரவால்ல. கோவப்பட்டுட்டுப் போயிருப்பேன்."

"முதல்ல பாத்தது நான்டி. துணிய போட்டு மூடி வெச்சதே நான்தான். பலகாரம் வாங்கப் போனேன்."

ஆர்லிஸ் கண்ணாடியில் தன் தையலைப் பார்த்தாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா கீல மட்டும் எடுத்துட்டுக் கொடுத்திருப்பேன்."

"இப்ப?"

"இப்பக் குடுக்க மாட்டேன். நானும் அதத் தோள்ல வெச்சுப் பாத்துட்டேன். எனக்கும் ஆசை வந்துருச்சு."

வெர்னா தலையாட்டினாள். அவளுக்கு அது புரிந்தது. மற்ற எதைவிடவும் அது அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

மறுநாள் பரணிலிருந்து, தனக்கென்று வைத்திருந்த மரத்தை இறக்கினாள். குட்டைக் கட்டையின் கடைசியில் ஒரு துண்டு ஒட்டினால் போதும் என்றுதான் கிளின்ட் சொன்னார். ஒட்டினால் கோடு தெரியும் என்று வெர்னா மறுத்துவிட்டாள். இந்தத் தடவை ஞாயிறுதோறும் ஆர்லிஸ் வந்து நின்றாள். வெர்னா கட்டையை ஆர்லிஸின் தோளில் மட்டுமே வைத்துப் பார்த்தாள். ஒரு தடவைகூடத் தன் தோளில் வைக்கவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் போட்டியில் ஆர்லிஸ் புதுக் கட்டையோடு படுத்தாள். பக்கத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து காற்றின் போக்கைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவள் வெர்னாவைத்தான் கூப்பிட்டாள்.

பத்துச் செம்மறியில் ஒன்பது விழுந்துவிட்டன. பத்தாவதும் விழுந்தால் பத்துக்குப் பத்து. சங்கத்தில் இதுவரை வெர்னா ஒருத்திதான் அதை எடுத்திருக்கிறாள். ஆர்லிஸின் விரல் விசைக்குப் போனது. அப்போது நடுத்தூரத்தில் புல் மறுபக்கம் சாய்ந்ததை வெர்னா பார்த்தாள். தொலைநோக்கி இல்லாமல் அது தெரியாது. படுத்திருப்பவளுக்குத் தெரியவே தெரியாது.

வெர்னா ஒரு மூச்சு விட்டாள். எனக்கு அது நீண்ட மூச்சாகத் தோன்றியது.

"சுடாத" என்றாள். "காத்து திரும்பிருச்சு. இடது பக்கம் ரெண்டு கோடு வை."

ஆர்லிஸ் குறியைத் திருகினாள். சுட்டாள். தோட்டா போய்ச் சேர்ந்து, செம்மறி மெதுவாகப் பின்னால் சாய்ந்தது.

எல்லோரும் ஆர்லிஸைச் சுற்றிக்கொண்டார்கள். வெர்னா தொலைநோக்கியை உறையில் போட்டு மூடினாள். மூடி சரியாக மாட்டவில்லை.

"நல்ல வேளை, சொன்னீங்க" என்றேன்.

"வயிறு எரியுதுடி" என்றாள் வெர்னா. "தண்ணி இருந்தாக் குடு."