கண்ணாடிச் சாமானுக்கு எவ்வளவு காற்று

டயருக்கு எவ்வளவு காற்று அடிப்பது என்று மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். பெட்ரோல் செட்டில் நிற்பவர் குழாயை மாட்டுவார், போதும் என்று அவருக்குத் தோன்றும்போது கழற்றுவார். அத்துடன் காரியம் முடிந்தது என்பது என் கட்சி. மனைவி மூன்றாம் முறை கர்ப்பமான வருடத்தில் அந்த அலட்சியம் என்னை விட்டுப் போனது.

முதல் இரண்டும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டன. முதல் முறை கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பு முழுவதற்கும் சொல்லியிருந்தோம். பிறகு அத்தனை கதவுகளுக்கும் மறுபடி போய், இல்லை என்று சொல்லவேண்டி வந்தது. இரண்டாம் முறை நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் சொன்னோம். மூன்றாவதற்கு மனைவியின் அம்மா, என் மாமி, யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் சட்டம் போட்டார். ஐந்து மாதம் முடியும்வரை ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது, கண்ணூறு பொல்லாதது. எனக்குக் கண்ணூறில் நம்பிக்கை இல்லை. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளும் சமயம் அதுவல்ல. சொல்லப்போனால் நாங்கள் மாமியையும் மிஞ்சினோம். வீட்டில் இருவரும் தனியாக இருக்கும்போதுகூட அதைப் பற்றிப் பேசவில்லை. மருந்து குடித்தாயா என்று கேட்பேன், ஓம் என்பாள். பிள்ளை என்ற சொல் எங்கள் வாயில் வரவே இல்லை.

வெள்ளவத்தையில் ஒரு டாக்டரிடம் போனால், படியிறங்குமுன் செய்தி யாழ்ப்பாணத்துச் சொந்தங்களுக்குப் போய்விடும். ஆகவே கொட்டாஞ்சேனையில் ஒரு டாக்டர் அம்மாவைப் பிடித்தோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலையில், என் கந்தோரில் தந்திருந்த கெப்பில், பின்னால் சாமான் ஏற்றும் வண்டியில், போவோம். கொள்ளுப்பிட்டியில் இருந்த எங்கள் கம்பனி மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தண்ணீர்ப் பம்பு பொருத்திக் கொடுத்தது. மலைப் பாதைக்கென்று அந்த வருடம்தான் கெப்புக்கு ஓல்-டெரெய்ன் டயர் போட்டார்கள். கல்லுக்கும் சேற்றுக்கும் அஞ்சாத தடித்த டயர். மலையில் அது ராஜா. காலி ஊருக்குப் போகும் காலி வீதியில், முதுகில் பாரம் இல்லாமல், ஒவ்வொரு பள்ளத்தையும் எண்ணிச் சொல்லும். டாக்டர் இருந்த துறைமுகப் பக்கமோ கொன்டேனர் லொறிகள் உழுதுபோட்ட வீதி. மனைவி ஒரு கையால் கதவுப் பிடியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு வருவாள். அந்தக் கையைப் பார்த்ததும் வேகத்தை இன்னும் குறைப்பேன். இதையும் இழந்தால் அவள் தாங்க மாட்டாள் என்று நினைத்தேன். நானும் தாங்க மாட்டேன் என்பதை அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

குலுக்கம் கெடுதலா என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அதைப் பற்றிக் கதைக்க வேண்டிவரும். அதனால் டயரை ஆராய்ந்தேன். டயரின் பக்கவாட்டில் எண்பது பிஎஸ்ஐ என்று பொறித்திருந்தது. அது டயர் தாங்கக்கூடிய உச்சம், நாம் அடிக்கவேண்டிய அளவல்ல. கதவின் ஓரத்தில் ஒட்டியிருந்த தாள் முப்பது என்றது. அது வண்டியோடு வந்த மெல்லிய டயருக்கு. புது டயரைப் போட்டவர்கள் நாற்பத்தைந்தில் விட்டிருந்தார்கள், ஏன் என்று அவர்களுக்கே தெரியாது.

மூன்றாவது சனிக்கிழமை மனைவியை டாக்டர் வீட்டில் காத்திருக்கும் வாங்கில் இருத்திவிட்டு, அடுத்த தெருவில் இருந்த டயர்க் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும்.

"என்ன சார் ஏத்துறீங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தொடங்கினேன்.

"கண்ணாடிச் சாமான். உடையக் கூடாது."

"எவ்வளவு வரும்? பின்னுக்கு நிறையவா?"

ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய் வேண்டியிருந்தது. "ஓம், நிறைய."

"அப்ப பின்னுக்கு அம்பத்தஞ்சு வேணும் சார். குறைச்சா டயர் சூடாகும், வண்டி ஆடும். சாமான் போயிரும்."

சாமான் போய்விடும் என்று கேட்ட பிறகு நான் ஐம்பத்தைந்தே அடிக்கச் சொன்னேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மனைவியோடு திரும்பும்போது, பின்னால் ஒன்றும் ஏற்றாத கெப் அவ்வளவு காற்றோடு ஆட்டுக்குட்டியாகத் துள்ளியது. இராணுவச் செக்பொயின்ட்டுக்கு முன்னால் போட்டிருந்த வேகத்தடை மேட்டில் ஏறி இறங்கியதும், "நிப்பாட்டுங்கோ" என்றாள். ஓரமாக நிறுத்தினேன். கடலைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் இருந்தோம். நோகுதோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிறகு அவளே "போவம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை கந்தோருக்குப் போகாமல் நேரே அந்தக் கடைக்குப் போனேன். என் பொய்க்கு அவர் மேல் கோபப்பட்டேன். இதுதானா காற்று அடிக்கிற லட்சணம் என்று சத்தம் போட்டேன். அவர் கெப்பின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"கண்ணாடிச் சாமான் ஏத்தின வண்டியில ஒரு வைக்கோல்கூட இல்லையே சார். உண்மையச் சொல்லுங்க, எத்தன கிலோ ஏத்துறீங்க?"

"அம்பத்திரண்டு," என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் கோபம் எங்கோ போய், வாயில் வேறொன்று வந்துவிட்டது.

"என்ர மனிசி. எங்களுக்கு ஒரு பிள்ளை வரப்போகுது."

அவர் சிரிப்பை நிறுத்தினார். குந்தியிருந்து நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். ஒரு சோக்குக் கட்டி எடுத்து டயரின் குறுக்கே கோடு கீறி, கொஞ்சம் முன்னால் ஓட்டச் சொன்னார். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூட, ஓரங்களில் மட்டும் அழிந்தால் காற்று குறைவு. மூன்றாம் தடவைதான் கோடு முழுவதும் ஒரே சீராக அழிந்தது.

"முப்பத்தாறு. இதுதான் சார் உங்க கணக்கு. டயர் சூடாக முன்ன, காலையில பாருங்க. பள்ளத்தக் கண்டா மெதுவாப் போங்க."

மகள் தை மாதம் சுகமாகப் பிறந்தாள். முன்பு நடந்ததற்கும் வண்டிக் குலுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் அம்மா பிறகு சொன்னார். முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாராம்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை மாலை எனக்கு இதெல்லாம் தெரியாது. குற்றவாளியாகத்தான் வீட்டுக்குப் போனேன். மனைவி மேசையில் டியூஷன் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"நான் ஒராளுக்குச் சொல்லிப்போட்டன்," என்றேன்.

கண்ணூறு, மாமி, எல்லாம் வரிசையாக வரும் என்று காத்து நின்றேன். அவள் பேனையை மூடி வைத்தாள்.

"ஆருக்கு?"

"டயர்க் கடைக்காரருக்கு."

"என்னெண்டு சொன்னனீங்கள்?"

"எங்களுக்கு ஒரு பிள்ளை வரப்போகுது எண்டு."

அவள் விடைத்தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ," என்றாள்.