அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு

மின் நிலையத்தில் அவனைத் தூக்குவாளி என்று கேட்டால்தான் யாரும் கை காட்டுவார்கள். நாற்பத்தாறு வயது ஆளுக்கு அப்படி ஒரு பட்டப்பெயரா என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவன் வேலையைப் பார்த்த பிறகு அவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்குவார்கள்.

அந்த நிலையம் கடலை ஒட்டி நிற்கிறது. இயந்திரங்களின் சூட்டைத் தணிக்கக் கடல் நீரை உறிஞ்சி எடுத்து, வேலை முடிந்ததும் ஒரு சிமெண்ட் கால்வாய் வழியாகத் திரும்பக் கடலுக்கே விட்டுவிடுவார்கள். போகிற தண்ணீர் எவ்வளவு சூடாகப் போகிறது என்று பார்ப்பதுதான் அவன் வேலை. காலை ஆறு மணி, மதியம் இரண்டு மணி, மாலை ஆறு மணி. கால்வாய் முடியும் இடத்தில் சுவர் இருபத்தெட்டு அடி உயரம். அதன் மேல் நின்று, கயிறு கட்டிய இரண்டு லிட்டர் தூக்குவாளியை இறக்கி, நிரப்பி, இழுப்பான். சுவர் ஓரத்தில் காற்று நோட்டின் பக்கங்களைப் பிய்த்துக்கொண்டு போகும் என்பதால், இருநூறு எட்டு வைத்து நடந்து தகரக் கொட்டகைக்கு எடுத்துப்போய் மேசையில் வைப்பான். வெப்பமானியை உள்ளே விட்டு, பாதரசம் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பான். பிறகு எழுதுவான்.

அடுத்தது ஒரு போன். மறுமுனையில் பம்ப் ஹவுஸ்காரர். உறிஞ்சுகிற இடத்தில் கடலுக்குள்ளேயே பொருத்தியிருக்கும் கருவியைப் பார்த்து அவர் கடல் நீரின் சூட்டைச் சொல்வார். இரண்டையும் கழித்தால் வருகிற எண் ஏழு டிகிரியைத் தாண்டக் கூடாது. சுடுநீரைக் கடலில் விட நிலையத்துக்குத் தந்திருக்கும் உரிமத்தில் அப்படித்தான் இருக்கிறது. இருபத்தொரு வருடத்தில் அது ஏழைத் தாண்டியதே இல்லை. ஆறு, ஆறரை, மிஞ்சிப்போனால் ஆறே முக்கால்.

எண்களைவிட அவை எழுதப்பட்டிருக்கும் அழகுதான் பெரிய விஷயம். அதற்குக் காரணம் அவனுடைய அக்கா. அம்மா போனபோது அவளுக்குப் பதினாலு, அவனுக்கு ஐந்து. எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தையல் கடைக்குப் போனவள், தம்பியைப் பத்தாவது வரை படிக்கவைத்தாள். தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்வாள். ஒரு எழுத்து கோட்டைத் தாண்டினாலும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வாள். வருடத்துக்கு மூன்று நோட்டு நிரம்பும். அலுவலகத்தில் ஒப்படைக்கும் முன் ஒவ்வொன்றையும் அவன் அவளிடம் கொண்டுவந்து காட்டுவான். அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கடைக்குத் துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களையும் பக்கத்தில் நிறுத்திப் பக்கம் பக்கமாகப் புரட்டுவாள்.

"ஒரு அடித்தல் திருத்தல் இருக்கா பாருங்க! காலேஜு படிச்சவனைக் கொண்டாங்க, இப்படி எழுதட்டும்."

இப்படி அறுபத்து மூன்று நோட்டுகள்.

இந்த வருடம் உரிமம் முடிகிறது. புதுப்பிக்கக் கேட்டு நிலையம் விண்ணப்பித்ததும் நகரமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. கால்வாய் வாயிலில் மீன் வயிறு மேலாக மிதக்கிறது, நண்டு விலகிப் போய்விட்டது, கடல்பாசி வெளுத்துக் கிடக்கிறது, இந்தத் தண்ணீரை இனி விடக் கூடாது என்று உறுப்பினர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள். இரு தரப்பையும் கேட்டுவிட்டு உரிம அலுவலகத்துக்கு எழுதுவதென்று முடிவானது. விசாரணை வியாழக்கிழமை.

நிலையப் பொறியாளர் அவனைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். "தூக்குவாளி, அவங்க வாயால பேசறாங்க. நாம உன் நோட்டால பேசப் போறோம். நீ வந்து 'இது என் கையெழுத்து'ன்னு மட்டும் சொல்லு, போதும்."

"சரிங்க சார்."

அக்கா அன்றே அவனுடைய வெள்ளைச் சட்டையைப் பிரித்துப் புதுக் காலர் வைக்கத் தொடங்கிவிட்டாள்.

சோதனைக்கு யாராவது வந்தால் பார்வையாக இருக்கட்டும் என்று, கால்வாய்ச் சுவரின் துருப்பிடித்த இரும்பு ஏணியைக் கழற்றிவிட்டுப் புதிய ஏணி பொருத்தினார்கள். திங்கட்கிழமை மதியம் அது தயார். இருபத்தொரு வருடமாக அந்தப் பக்கம் கால் வைக்காதவனுக்கு ஓர் ஆசை. வெப்பமானியைச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு இறங்கினான். கடைசிப் படியில் நின்று ஓடுகிற தண்ணீரிலேயே அதை அமிழ்த்தினான்.

நாற்பது புள்ளி மூன்று.

வெப்பமானி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். உதறிவிட்டு மறுபடி அமிழ்த்தினான். அதே எண். மேலே ஏறி, வழக்கம்போலத் தூக்குவாளியை இறக்கி, இழுத்து, இருநூறு எட்டு நடந்து, மேசையில் வைத்துக் காத்திருந்து பார்த்தான்.

முப்பத்தெட்டு.

வெப்பமானியில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டு லிட்டர் தண்ணீர், மெல்லிய தகரம், கடற்காற்று, இருநூறு எட்டு. நடக்க நடக்க, காத்திருக்கக் காத்திருக்க, தண்ணீர் ஆறியிருக்கிறது. அவன் இத்தனை வருடமாக அளந்தது ஆறிப்போன தண்ணீரை.

வேலையில் சேர்ந்த முதல் நாள் அவனுக்கு முன்பிருந்தவர் ஏணியைக் காட்டி, "இதுல இறங்கினா நேரா கடல்தான்டா தம்பி, மேலேயே அளந்துக்கோ" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினான். 'ஓடும் நீரில் அளக்கவும்' என்று அச்சில் இருந்தது. அதற்குக் கீழே அவன் கையெழுத்து. அறுபத்து மூன்று நோட்டிலும் அந்த வரிக்குக் கீழே அவன் கையெழுத்துதான்.

போன் அடித்தது.

"முப்பத்தொண்ணு புள்ளி நாலு," என்றார் பம்ப் ஹவுஸ்காரர். "உனக்கு என்ன?"

நாற்பது புள்ளி மூன்றிலிருந்து கழித்தால் எட்டே முக்காலுக்கும் மேல். அவன் அந்த அச்சு வரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, தூங்கிட்டியா?"

"முப்பத்தெட்டு," என்றான். அதையே எழுதினான். எழுத்து எப்போதும்போல முத்து முத்தாக விழுந்தது. கை துளிகூட நடுங்கவில்லை. அதை நினைத்தபோதுதான் அவனுக்குப் பயம் வந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு, இனி முடியாது என்று ஏணியில் இறங்கினான். கீழே பார்த்த நாற்பது புள்ளி ஒன்றை அப்படியே எழுதினான். போனில் சொன்னதும் பம்ப் ஹவுஸ்காரர் சிரித்தார்.

"நாப்பதா? காய்ச்சல் தண்ணிக்கா, உனக்கா?"

அவன் போனை வைத்துவிட்டான். பொறியாளர் வெள்ளிக்கிழமைதான் வாரக் கையெழுத்துப் போட நோட்டைத் திறப்பார். அதற்குள் கொட்டகைப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டாலே அவன் நோட்டை மூடினான். காவல்காரர் தீப்பெட்டி கேட்டு வந்தபோது எழுந்து நின்றுவிட்டான். "என்னய்யா, என்னைப் பார்த்தா மேனேஜர் மாதிரியா இருக்கு?" என்று அவர் கேலி செய்துவிட்டுப் போனார். குடியிருக்கிற வீடு நிலையத்தின் வீடு. கொல்லைப்புறக் குழாயில் தண்ணீர் சொட்டுவதைச் சரிசெய்யச் சொல்லி மனைவி நச்சரித்தபோது, 'இந்தக் குழாய் இன்னும் எத்தனை நாள் நம்முடையது' என்று நினைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வேலை போவது ஒரு பயம். பொய்க் கணக்கு எழுதியவன் என்று ஊர் சொல்வது அதைவிடப் பெரிய பயம். இரண்டுக்கும் மேல் ஒரு பயம் இருந்தது: அக்காவிடம் எப்படிச் சொல்வது?

புதன்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனான். அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாடா. காலரைப் பாரு, கத்தி மாதிரி நிக்குது. நாளைக்கு மைக் முன்னாடி கூனிக்கிட்டு நிக்காத."

அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். தூக்குவாளி, இருநூறு எட்டு, ஏணி, திங்கட்கிழமை இரண்டு மணி. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுவிட்சை அணைத்தாள்.

"நான் ஆளு மேல டேப்பை வெச்சு அளவு எடுக்கறேன். நீ தண்ணியைத் தூக்கிட்டு ஊர்வலம் போயி அளந்திருக்க! அச்சடிச்சு வெச்சிருக்கான்ல, படிக்க வரலையா உனக்கு? இதுக்காடா உன்னைப் பத்தாவது வரைக்கும் படிக்க வெச்சேன்?"

"அக்கா..."

"பேசாத. எத்தனை பேருகிட்ட காட்டியிருக்கேன் தெரியுமா? இந்த மேசையில வெச்சுக் காட்டியிருக்கேன்." சட்டென்று அவள் குரல் இறங்கியது. வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. கையெழுத்து என்னோடதுன்னு சொல்லு, இறங்கி வந்துடு. ஏதாவது ஒண்ணுன்னா பெரியவங்க எல்லாம் கழண்டுக்குவாங்க, நீதான் மாட்டுவ. ஜெயில்ல போட்டா நான் எங்கடா போவேன்?"

அக்கா பயந்து அவன் பார்த்ததே இல்லை. அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றவள். சட்டையை இரண்டு தடவை தப்பாக மடித்து, பிறகு தாளில் சுற்றிக் கொடுத்தாள். "நான் நாளைக்கு வரல," என்றாள். "என்னால பார்க்க முடியாது."

நகரமன்றக் கூடத்தில் மின்விசிறிகள் ஓடியும் வேர்த்தது. பின் வரிசைகளில் மீன்பிடிக்கிறவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நகரமன்றத் தலைவி ஊரில் மருந்துக்கடை நடத்துபவர். சின்ன எழுத்துகளைப் படித்துப் பழகிய கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் பார்த்தார். பொறியாளர் அரை மணி நேரம் பேசினார். மேசையில் அறுபத்து மூன்று நோட்டும் கோபுரமாக அடுக்கியிருந்தது. அறுபத்து நான்காவது, இப்போது எழுதிக்கொண்டிருப்பது, அவனுடைய கைப்பையில் இருந்தது. அதைக் கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஏன் எடுத்துவந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவனைக் கூப்பிட்டார்கள். தலைவி ஒரு நோட்டைத் திறந்து காட்டினார். "இது உங்க கையெழுத்துங்களா?"

"ஆமாங்கம்மா."

"ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. சரி, நீங்க போய் உக்காரலாம்."

அவ்வளவுதான். நாற்காலி பத்தடி தூரத்தில் இருந்தது. போய் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. அவன் உடம்பு திரும்பவும் செய்தது. ஆனால் கால் நகரவில்லை. முதுகில் வெள்ளைச் சட்டை ஒட்டிக்கொண்டது.

"என்னங்க?" என்றார் தலைவி.

"இதெல்லாம் தப்புங்கம்மா."

பொறியாளர் பாதி எழுந்தார். "அவருக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்லைங்க. நாங்க கூட்டிட்டுப்..."

"அவரே சொல்லட்டும்," என்றார் தலைவி.

சொன்னான். குரல் ஒலிபெருக்கியில் யாரோ வேற்றாள் குரல் போல வந்தது. கயிறு, தகரம், காற்று, காத்திருந்த நேரம். கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் விரித்தான். "திங்கக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து இறங்கி அளந்தது இதுல இருக்கு. எல்லாம் எட்டுக்கு மேல. முன்னாடி எழுதினதெல்லாம் தெரியாம எழுதினது." விரலை மேல் வரிக்கு நகர்த்தினான். "திங்கக்கிழமை ரெண்டு மணி மட்டும் தெரிஞ்சே எழுதினது. நாப்பது புள்ளி மூணு. முப்பத்தெட்டுன்னு போட்டுட்டேன்."

பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது: "இருபத்தொரு வருஷமா மீனுங்கதான் பொய் சொல்லுதுன்னீங்களே!" சிலர் சிரித்தார்கள். சிலர் கத்தினார்கள். தலைவி மேசையைத் தட்டினார்.

"அந்தத் திங்கக்கிழமை எண்ணை என்ன செய்யறது?" என்று கேட்டார்.

அவன் ஒரு ஸ்கேல் கேட்டான். எழுத்தர் நீட்டினார். முப்பத்தெட்டின் மேல் ஒரே ஒரு கோடு கிழித்தான், பழைய எண்ணும் தெரிகிற மாதிரி. அதற்கு மேலே நாற்பது புள்ளி மூன்று என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். இந்தத் தடவை கை நடுங்கியது. ஸ்கேல் நழுவி, கோடு கடைசியில் சரிந்துவிட்டது.

அந்தப் பக்கத்தையும் இணைத்து ஆட்சேபத்தை உரிம அலுவலகத்துக்கு அனுப்புவது, ஏணியில் இறங்கி மூன்று மாதம் இரு தரப்பும் சேர்ந்து அளக்கும்வரை உரிமம் தரக் கூடாது என்று கேட்பது என்று அங்கேயே முடிவாயிற்று. நோட்டு நகரமன்றத்தின் வசம் போனது. மக்கள் மேசையைச் சூழ்ந்து அந்தப் பக்கத்தை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

படிக்கட்டில் பொறியாளர் அவனைக் கடந்து போனார். முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்குக் காலையில கொட்டகைக்குப் போக வேணாம். நேரா ஆபீஸுக்கு வா. சாவியை எடுத்துக்கிட்டு வா."

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழ்ப்படி கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ அவன் முழங்கையைப் பிடித்தார்கள். தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்.

"வரலன்னு சொன்ன," என்றான்.

"கூட்டத்தோட போயி மேசையில பார்த்தேன்," என்றாள் அக்கா. கண் சிவந்திருந்தது. "ஸ்கேலை அழுத்திப் பிடிச்சிருக்கலாம்ல. கோடு கோணலாயிடுச்சு."

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்," என்றாள் அவள். சரிந்திருந்த அவன் காலரைச் சரிசெய்தாள். "நட."