பாட்டுக்கு எழுந்தவர்

கடைத்தெருவில் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவளை எல்லோரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளி மாடியில் தூங்குவார். கீழே ஊரின் கண்களை இவள் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணாடி போட வெட்கப்பட்டு, எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கும் கிழவர்கள் உண்டு. "தாத்தா, நான் இன்னும் பலகையை மாட்டவே இல்லையே" என்பாள். கடையே சிரிக்கும், தாத்தாவும் சிரிப்பார்.

வீட்டில் அவளுக்குச் சிரிக்க ஒன்றும் இல்லை. அங்கே அவளுடைய அப்பா படுத்துக்கிடந்தார்.

அவரை ஊர் டிரில் மாஸ்டர் என்று அறியும். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவனையும் அவர் விட்டு வைத்ததில்லை. காலையில் கொடி ஏறி நாட்டுப்பாட்டு தொடங்கியதும் மைதானத்தில் ஒரு விரல் அசையக் கூடாது. "மூக்குல ஈ உட்கார்ந்தா அது ஈயோட கவலை, உனக்கென்ன?" என்பார். அடியாத மாடு படியாது என்பது அவருடைய வேதம். சொந்த மகளுக்கும் அதில் சலுகை கிடையாது, இரண்டடி கூடத்தான் விழும். அதைச் சொல்லும்போதுகூட அவளுக்கு அப்பாமேல் கோபம் வராது. எனக்குத்தான் வருகிறது.

ஓய்வு பெற்ற சில வருஷத்தில் வாதம் அடித்துப் போட்டது. மனுஷன் மரக்கட்டையாகிவிட்டார். பேச்சில்லை, ஆள் அடையாளமில்லை. வாயில் ஊற்றினால் விழுங்குவார், அவ்வளவுதான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு மகளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"படுக்கைப் புண்தான் இவருக்கு எமன். தினமும் தூக்கித் துடைச்சு, துணி மாத்தணும். ஆனா ஜாக்கிரதை. எலும்பெல்லாம் சாக்பீஸ் மாதிரி இருக்கு. ஒரு தடவை கீழே விழுந்தார்னா எழுந்திருக்க மாட்டார்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். தூக்குவது யார்? அப்பா ஆஜானுபாகு, மகள் ஊதினால் பறந்துவிடுவாள். எதிர்வீட்டு அத்தை ஒத்தாசைக்கு வருவாள். உறவு அல்ல, பழக்கத்தில் அத்தை. அவளுக்கே முழங்கால் வலி. இரண்டு பெண்களும் மூச்சுமுட்டப் புரட்டியும் அவர் முதுகில் சிவப்புத் திட்டுகள் வரத் தொடங்கின. அப்பாவைக் காப்பாற்ற முடியாமல் போய்விடுமோ என்று அவள் கடையில் லென்ஸ் துடைக்கும்போதெல்லாம் அழுதாள்.

ஒருநாள் காலை செய்தி கேட்க ரேடியோவைத் திருகிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஏதோ நாட்டு விழா நாள். செய்திக்கு முன்னால் நாட்டுப்பாட்டைப் போட்டார்கள். அறையில் கட்டில் முனகியது. எட்டிப் பார்த்தாள்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். கட்டிலின் பக்கத்தில், முதுகு நேராக, கைகள் தொடையோடு ஒட்டி, குதிகால்கள் சேர்ந்து. கடைவாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. கண்கள் கதவு நிலைக்கு மேலே வெறும் சுவரைப் பார்த்தன. "அப்பா!" என்றாள். அவர் மார்பு ஏறி இறங்கவில்லை; மூச்சு விடுகிறாரா என்பதே தெரியவில்லை. பாட்டு முடிந்தது. முழங்கால் மடிந்து அப்படியே கட்டிலில் சரிந்தார், பழையபடி கட்டையானார்.

அத்தையிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க! எதுக்கும் அந்தப் பாட்டை டேப்புல பிடிச்சு வைச்சுக்கோ, கண்ணு."

பள்ளிக்கூடக் கொடியேற்றத்தில் பிடித்து வைத்தாள். மறுநாள் பொத்தானை அழுத்தினாள். எழுந்தார். ஆனால் அன்று அவளும் கூடவே விறைத்து நின்றுவிட்டாள், வாளியும் துணியும் கிடந்த இடத்தில் கிடக்க. பாட்டு வீணாயிற்று. 'உனக்கு என்னடி வந்தது?' என்று தன்னையே திட்டிக்கொண்டு, அடுத்த நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை அசைத்தாள். பாட்டு ஓடும்போது அசைவது, நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்பதைப் போலக் கூசியது. போகப் போகக் கை பழகிக்கொண்டது. பாட்டு ஓடும் நேரத்துக்குள் விரிப்பை உருவுவாள், முதுகைத் துடைப்பாள், மருந்து போடுவாள், புது விரிப்பை விரிப்பாள். திட்டுகள் ஆறின. டாக்டர் நம்பவே இல்லை. "யாரோ ஆள் வைச்சிருக்கீங்க" என்றார்.

அப்பா பிழைத்துக்கொண்டார். அதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த அறைக்குள் போகவே பயந்தாள். நாளாக ஆக அவர் பாட்டுக்குக் காத்திருக்கவில்லை. டேப்பின் இரைச்சல் கேட்டதுமே எழுந்தார். அப்புறம் பொத்தானின் 'டக்' போதுமானதாயிற்று. துடைக்கும்போது உடம்பு கல்லாக இருக்கும். மரியாதைக்கு நிற்கிறவர் யார், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இந்த வீட்டில் அது தலைகீழ். மகள் கூப்பிட்டால் இமை அசையாது, பாட்டு கூப்பிட்டால் எழுந்துவிடுவார். ஒரு பாட்டின்மேல் அவளுக்குப் பொறாமை வந்தது, சக்களத்தி மேல் வருவதுபோல. ஒருநாள் விரிப்பை மாற்றாமல் கதவோரம் முக்காலி போட்டு ஏறி, அவர் பார்வை விழும் இடத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் பார்வை பார்த்துக் கொடுக்கிறவள். "அப்பா, நான்தான். என்னைப் பாருங்க" என்றாள். அந்தப் பார்வை அவள் முகத்தைத் துளைத்துக்கொண்டு சுவருக்குப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெத்தையை மாற்ற வேண்டியிருந்தது. பழையது ஊறி நாறியது. அத்தையும் அவள் மகனும் வந்தார்கள். மகன் பஸ் டிரைவர், டிரில் மாஸ்டரிடம் அடி வாங்கி வளர்ந்தவன். பொத்தானை அழுத்தினாள், அப்பா எழுந்தார். டிரைவர் அவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாட்டு காதில் விழாதவன்போல மெத்தையை இழுத்தான். பழையது வெளியே போய்ப் புதியது கட்டிலில் விழுந்த நேரத்தில் கரண்ட் போயிற்று. பாட்டு இழுத்து, குழறி, நின்றது.

அப்பா உட்காரவில்லை.

மூவரும் காத்திருந்தார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். பாட்டு முடியவில்லையே, எப்படி உட்காருவார்? நேரம் போகப் போக நெற்றியில் வியர்வை கோத்தது. தொடைகள் நடுங்கத் தொடங்கின.

"பிடிடா, மெதுவா உட்கார வை" என்றாள் அத்தை. டிரைவர் பின்னாலிருந்து இடுப்பை அணைத்து அழுத்தினான். முழங்கால் மடங்கவில்லை. "விடுங்க, ஒடிஞ்சிடும்!" என்று கத்தினாள் மகள்.

"அப்போ பாட்டை நாமே பாடி முடிச்சிடலாம்" என்றான் அவன், இடுப்பை விடாமல். "கடைசி ரெண்டு வரிதானே பாக்கி."

அத்தை பதறினாள். "பாதியிலேருந்து பாடக் கூடாதுடா! முதல்லேருந்துதான் பாடணும்."

யாரும் மறுக்கவில்லை. மறுக்கலாம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

மகள் தொடங்கினாள். முதல் சொல் வாயிலிருந்து விழுந்ததும் டிரைவரின் கைகள் அப்பாவின் இடுப்பை விட்டன. அவன் ஒரு அடி பின்வாங்கி, கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றான். அத்தை தன் முழங்கால் வலியை மறந்து நிமிர்ந்தாள். மகளுடைய கைகளும் இறங்கின. டேப் பாடியபோது வேலை செய்யப் பழகியிருந்த கைகள். இப்போது பாடுவது அவளே.

பாட்டின் நடுவில் அப்பா ஆடினார். ஜன்னல் பக்கமாக ஒரு சாய்வு, திரும்ப ஒரு சாய்வு. 'பிடி, பிடி' என்று அவளுடைய உயிர் அலறியது. எட்டிப் பிடிக்கும் தூரம்தான். கை வரவில்லை. வாய் அடுத்த வரியைப் பாடியது.

அப்போது அப்பாவின் கண்கள் சுவரை விட்டு இறங்கின. நேராக அவளைப் பார்த்தன. அது டிரில் மாஸ்டரின் பார்வை அல்ல. மகளை அடையாளம் கண்டுகொண்ட ஒரு கிழவரின் பயந்த பார்வை. தொடையில் ஒட்டியிருந்த வலது கை பிரிந்தது, விரல்கள் விரிந்தன, அவளை நோக்கி நீண்டது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, வாழ்நாளில் முதல் தடவையாக, அவர் அசைந்துவிட்டார்.

அவள் அசையவில்லை.

அவர் விழுந்தார். கட்டிலின் இரும்புக் காலில் தலை மோதிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மிச்ச வரிகளை மூவரும் பாடினார்கள், ஒரு சொல் தவறாமல், குரல் உடையாமல். கடைசிச் சொல் முடிந்த பிறகுதான் "அப்பா!" என்று அவள் பாய்ந்தாள். டிரைவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தான். அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் வந்து கண்களை மூடிவிட்டார். மகளைப் பார்த்துக் கேட்டார்: "மூணு பேர் இருந்திருக்கீங்க. ஒருத்தர்கூடவா கை நீட்டல?"

"பாட்டு முடியலையே, டாக்டர்" என்றாள் அவள்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிச் சுருட்டினார். பிறகு, அது போதுமான காரணம்தான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் பையை மூடினார். துக்கத்துக்கு வந்த ஊர்க்காரர்களும் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.