காவல்காரர் பார்த்த வண்டி

பழைய பைக் ஒன்றை வாங்கிய முதல் வாரம். கருக்களாச்சேரி போகும் வழியில் அது பட்டாசு மாதிரி இரண்டு முறை வெடித்துவிட்டு நின்றுபோனது. சத்தம் கேட்டு, பக்கத்து இறால் பண்ணையின் காவல்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. ஒன்றைக் கேட்டால், பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. அதை மூடிவிட்டு ப்ளக்கைக் கழற்றித் துடைத்தார். கார்பரேட்டரைப் பிரித்தார்.

"தம்பிக்கு எந்த ஊருங்க? தனியாவா இருக்கீங்க? மதியம் என்ன சாப்டீங்க?"

காரைக்காலில் வாடகை அறைக்கு வந்த நான்கு மாதத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகு, டேங்க் மூடியில் அடைத்திருந்த சிறு துளையைக் கம்பியால் குத்திவிட்டார்.

"காத்து போக வழியில்லன்னா பெட்ரோல் எறங்காதுங்க."

வண்டி சீராக ஓடியது.

"மூடியைத் தொறந்தப்பவே இது தெரிஞ்சிருக்குமே?" என்றேன்.

"தெரிஞ்சுதுங்க. ஒடனே சரி பண்ணிட்டா நீங்க கெளம்பிடுவீங்கள்ல."

அதன்பின் வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. அந்த வழியாகப் பலமுறை போயிருக்கிறேன். நன்றாக ஓடும் வண்டியை அவர் முன்னால் நிறுத்திவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல், ஒவ்வொரு முறையும் கடந்து போய்விடுகிறேன்.