சங்கு ஊதினாரா?

அணைக்குக் கீழே இருக்கும் மின்நிலையத்தில் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலி, அதே பொத்தான்கள். இரண்டாவது மெஷினைப் போட்டால் இருபது நிமிஷத்தில் ஆற்றுத்துறையில் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிடும். அதனால் முதலில் எச்சரிக்கைச் சங்கு, கால்மணி நேரம் கழித்துத்தான் மெஷின். சங்கு இருப்பது துறையில். முதல் மெஷினின் இரைச்சலில் உள்ளே இருப்பவர்களுக்கு அது கேட்காது.

அன்று பத்து மணிக்கு இரண்டாவது மெஷினைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவருக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது. சங்கு ஊதினோமா?

நோட்டில் ‘9.45 சங்கு’ என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? பிறகு கை ஒழியாது என்று காலையில் வந்ததுமே அந்த வரியை எழுதி வைத்துவிடுகிற மகா கெட்டிக்காரர் அவர்! பொத்தானை அழுத்திய ஞாபகம் நன்றாகவே இருந்தது. அது இன்றையதா, நேற்றையதா, போன வருஷத்ததா?

காலையிலேயே அவர் மனைவி போர்வை துவைக்கத் துறைக்குப் போயிருந்தாள்.

“ஏம்ப்பா, நான் சங்கு ஊதினேனா?” என்று ஆயில் போடுகிறவரைக் கேட்டார்.

“நீங்க ஊதாம இருப்பீங்களாண்ணே?”

“இன்னைக்கு ஊதினதைப் பாத்தியா?”

“பாத்த மாதிரிதான் இருக்கு. தினம் பாக்கறதுதானே...” அவரும் தலையைச் சொறிந்தார்.

மனைவிக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உத்தரவில்லாமல் மெஷினை நிறுத்தினால் மெமோ நிச்சயம். நிறுத்தினார்.

மேலிடத்துப் போன் அலறியது. “யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?”

“தெரியலை சார்.” உண்மையிலேயே அவருக்கு எதுவும் தெரியவில்லை.

அதை வைத்ததும் மனைவி கூப்பிட்டாள். “எதுக்கு இத்தனை தடவை அடிச்சீங்க? ரெண்டு கையிலயும் ஈரப் போர்வை.”

“எங்கே நிக்கிறே?”

“மேட்டுலதான். சங்கு ஊதினதும் ஏறிட்டேன்.”

“ஊதுச்சா? இன்னைக்கா?”

“ஊதினது நீங்க. என்னைக் கேக்கறீங்களே!”

போன உயிர் வந்தது, குழப்பம் போகவில்லை. கைதான் பழக்கத்தில் ஊதியிருக்க வேண்டும். அவர் மனசு அந்தப் பக்கமே இல்லை. நாளைக்குக் கையும் மறந்துவிட்டால்? அவருக்குப் பயமாக இருந்தது.

மறுபடி மெஷினைப் போடச் சொன்னார்கள். சங்குப் பொத்தானை அழுத்தினார். கால்மணி நேரம் காத்திருந்தார். மெஷின் பொத்தான் மேல் விரலை வைத்தவர் அழுத்தாமல் மனைவியைக் கூப்பிட்டார்.

“இப்ப சங்கு கேட்டுச்சா?”

“ஊருக்கே கேட்டுச்சு. உங்களுக்கு என்ன ஆச்சு?”

“தெரியலை. துறையில யாரும் இல்லையே? நல்லாப் பாத்துச் சொல்லு.”

அவள் துறையை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “யாரும் இல்லை. நான் இங்கதான் நிக்கறேன். நீங்க போடுங்க.”

போட்டார். போனை மட்டும் வைக்கவில்லை.

“நாளைக்கும் வந்து நிப்பியா?” என்று கேட்டார்.