வேன் வீடு போன தூரம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது சித்தப்பா ஒரு பழைய வேனுக்குள் வீடு கட்டினார். கண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஓய்ந்துபோன வேன் அது. ஆசனங்களைக் கழற்றி, இரண்டு பக்கமும் பலகைக் கட்டில் அடித்து, இலவம்பஞ்சு மெத்தை போட்டார். அம்மாவின் பழைய சேலை ஜன்னல் திரையானது. ஒரு மூலையில் காஸ் அடுப்பு, சிலிண்டர், தண்ணீருக்கு இரண்டு பெரிய கேன். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியபோது லயத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

ஏப்ரல் விடுமுறையில் கொழும்புப் பக்கம் இருந்த பெரிய விளையாட்டுப் பூங்காவுக்குப் போவதாகத் திட்டம். மூன்று நாள். தண்ணீரில் வழுக்கி விழும் குழாய்கள், தலைகீழாகச் சுற்றும் தொட்டில், எல்லாம் உண்டாம். தங்குவது வேனிலேயே.

"லொட்ஜ்ல ரூம் கேட்டா தமிழ்ப் பேரக் கேட்டுட்டு இல்லன்னுடுவான். நமக்கு நம்ம வேன் போதும்" என்றார் சித்தப்பா.

"ரூம்ல இருந்தா ஒரு எடத்துல பொலிஸ்ல பதிஞ்சா முடிஞ்சிச்சு. வேன்ல படுத்தா நிக்கிற எடமெல்லாம் கேள்வி" என்றார் அப்பா.

அது யுத்த காலம். யுத்தம் வடக்கில்தான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆனால் வானொலியில் செய்தி தொடங்கினால் எங்கள் வீட்டிலும் பேச்சு நின்றுவிடும். அப்பா தோட்டத்து ஆபீஸில் கிளார்க். எதையும் எழுதிப் பார்க்காமல் செய்யமாட்டார். பயணப் பாதையைக் கொப்பித் தாளில் எழுதி, சில ஊர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டார். ஒன்றுக்கு இறங்கும் இடங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு சாயந்தரம்தோறும் பரீட்சை. அப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, குரலை மாற்றிக்கொண்டு, "கொஹெத யன்னே?" என்று கேட்பார். எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம். "பார்க் எக்கட்ட யனவா, மஹத்தயா" என்று, அதாவது பார்க்குக்குப் போகிறோம் ஐயா என்று, நான் சொல்லவேண்டும். எத்தனை நாள், எங்கே படுப்பீர்கள், இவர் யார், எல்லாவற்றுக்கும் சிங்களத்தில் பதில். என் நாக்கு புரளாது.

"தப்பா சொன்னா உள்ள விடமாட்டாங்களாப்பா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "விடமாட்டாங்க" என்றார்.

பூங்கா வாசலில் இப்படி ஒரு பரீட்சை வைக்கிறார்கள் என்று நான் முடிவுசெய்துவிட்டேன். தம்பிக்கு நாலு வயது. அவனை யாரும் கேட்கமாட்டார்கள். நான் தவறினால் என்னை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள். அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. குழாயில் வழுக்கப் பயப்படுகிறேன் என்று நினைத்த அம்மா என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

விடுமுறைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, வேனை ஓட்டிப் பார்க்கலாம் என்றார் சித்தப்பா. பேராதனைப் பக்கம் ஆற்றோரமாக நிறுத்தி, வேனிலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. கம்பளையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் மணல் மூட்டை அடுக்கிய காவலிடத்தில் கை காட்டி நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினோம். ஆற்றங்கரைக்குப் போகிறோம், மத்தியானம் திரும்பிவிடுவோம் என்று சித்தப்பா சரளமாகச் சொன்னார். இளம் சிப்பாய் ஒருவன் தலையாட்டிவிட்டு, சிரித்தபடி என் பக்கம் குனிந்தான்.

"கொஹெத யன்னே, துவே?" எங்கே போகிறாய், மகளே என்றான்.

பரீட்சை இங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். பார்க்குக்குப் போகிறோம், மஹத்தயா. கொழும்புக்கு. மூன்று நாள். இந்த வேனில்தான் படுப்போம்.

அவன் சிரிப்பு நின்றது. சித்தப்பாவைப் பார்த்தான். வேனுக்குள் பார்த்தான். சிலிண்டர், கேன்கள், திரை போட்ட ஜன்னல். யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டான்.

சித்தப்பாவை மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப் போனார்கள். எங்களை வெயிலில் வரிசையாக நிற்க வைத்தார்கள். மெத்தைகளைக் கிழித்துக் கையை விட்டுத் துழாவினார்கள். பஞ்சு காற்றில் எழுந்து ரோட்டெல்லாம் பறந்தது. தம்பி கைகொட்டிச் சிரித்து அதைப் பிடிக்க ஓடினான். அம்மா அவனை இழுத்து, வாயைப் பொத்தித் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். அம்மா அப்படி முரட்டுத்தனமாகச் செய்து நான் பார்த்ததில்லை. அப்பா அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி நின்றார். யாரும் அதைக் கேட்கவில்லை. அவர் கையை இறக்கவுமில்லை.

கடைசியில் வயதான அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். அப்பா சொன்னதைக் கேட்டு, தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களாவுக்குப் போன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, துரை வீட்டில் இல்லை. மூன்றாவது தடவைதான் கிடைத்தார். அப்புறம்தான் சித்தப்பா வெளியே வந்தார். சட்டையில் இரண்டு பொத்தான்கள் இல்லை.

"ஒண்ணுமில்ல, ஏறுங்க" என்றார்.

அம்மா வழியெல்லாம் தம்பியின் தலைமுடியிலிருந்து பஞ்சைப் பொறுக்கிக்கொண்டே வந்தாள். என்னை யாராவது திட்டினால் நல்லது என்றிருந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பாவின் கையைப் பிடித்தேன்.

"நான் தப்பா சொல்லிட்டேனாப்பா?"

"இல்லம்மா. சொல்லிக் குடுத்ததத்தானே சொன்ன" என்றார். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

சித்தப்பா வேனிலிருந்து இறங்கவில்லை. தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். நான் போனபோது அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. அவை ஆடிக்கொண்டிருந்தன. இன்ஜின் ஓடினால் அந்த வேனில் எல்லாமே ஆடும் என்பது எனக்குத் தெரியும்.

"சித்தப்பா, இன்ஜின நிப்பாட்ட மறந்துட்டீங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சாவி அவருக்கு முன்னால் டாஷ்போர்டில் கிடந்தது.

"ஆமாம்மா" என்று இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "இப்ப நிப்பாட்டிட்டேன்."

நல்லவேளை நான் கவனித்தேன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.